தலைமாடு

வில்லாபுரத்தில் எங்கள் அறை
கட்டிலைவிடக் கொஞ்சம்தான் பெரியது.
கட்டிலைத் திருப்ப வேண்டுமென்றால்
முதலில் கேஸ் சிலிண்டரை மாடிப்படிக்கு உருட்ட வேண்டும்,
அதற்கும் முன்னால் ஜெஸிந்தாவின் துணிமூட்டையை.
அவளுக்குப் பெரியாஸ்பத்திரியில் ராத்திரி டூட்டி.
பகலில் இதே கட்டிலில் தூங்குவாள்.
எந்தப் பக்கம் தலை வைத்தாலும்
தலையணையில் ஏற்கெனவே ஒரு குழி இருக்கும்.

எனக்கு கே.கே. நகரில்
ஆட்களைக் காந்தத்துக்குள் அனுப்புகிற வேலை.
மோதிரம், அரைஞாண், தாயத்து, கொண்டை ஊசி,
எல்லாவற்றையும் கழற்றச் சொல்லிப்
பிளாஸ்டிக் டப்பாவில் போட்டுக்கொள்வேன்.
ஆனியில் ஒருநாள்
இடுப்பு வலியோடு வந்த லாரி டிரைவர்,
உசிலம்பட்டிப் பக்கம், பெயர் ஒச்சப்பன்,
பலகையில் படுத்தவர் சட்டென்று எழுந்துவிட்டார்.
"தலை வடக்கயா போகுது?"

எனக்குத் தெரியவில்லை.
ஆறு வருடமாகத் தினம் இருபது தலைகளை
எந்தத் திசைக்கு அனுப்புகிறேன் என்று யோசித்ததே இல்லை.
அந்த அறையில் திசைகாட்டி வைத்தால்
அதற்குப் பைத்தியம் பிடித்துவிடும். ஜன்னலும் கிடையாது.
அழகர்மலை இந்தப் பக்கம் என்றார் அவர்.
நான் திருப்பரங்குன்றத்தை முதுகுக்குப் பின்னால் நிறுத்திப் பார்த்தேன்.
வடக்குதான்.
காலை உள்ளே விட்டுப் படுத்தார்.
இடுப்புக்கு அப்படியும் எடுக்கலாம்.

அத்தனை தட்டல் சத்தத்திலும் தூங்கிப்போனவர்
வெளியே வந்து செருப்பைத் தேடியபடி சொன்னார்:
"கனவுன்னு தெரிஞ்சே கண்டேன் தாயி.
வண்டிய நானே ஓரங்கட்டி, நானே எறங்கி
ஒரு டீ குடிச்சேன். அவசரமே இல்ல."

என் கனவுகள் என்னைக் கேட்டு நடப்பதில்லை.
பொறாமையாக இருந்தது.

கிழக்கே ஒரு வாரம். ஒன்றுமில்லை,
பழைய பரீட்சை ஹாலும் எழுதாத பேனாவும்.
மேற்கே வைத்தால் கதவு திறக்காது, விட்டுவிட்டேன்.
தெற்கே வைத்த மூன்றாம் நாள்
வைகையில் இரு கரையும் தொட்டுத் தண்ணீர்.
மதுரையில் பிறந்தவளுக்கு
இது கனவென்று சொல்ல வேறு சாட்சி வேண்டுமா?
நானோ செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு
யானைக்கல் தரைப்பாலத்தில் பஸ் போகுமா என்று
யாரையோ விசாரித்துக்கொண்டிருந்தேன்.

வடக்கை நான் நம்புகிறவள் இல்லை.
நம்பாமலும் பயப்படலாம் என்பது
சிலிண்டரை உருட்டிய அந்த ராத்திரி தெரிந்தது.
ஃபேன் சத்தத்தை எண்ணியபடி கிடந்தேன்.
கதவு திறந்து ஜெஸிந்தா வந்தாள்.
ஷூவைக் கழற்றினாள், ஒன்று, இரண்டு, மூன்று.
மூன்றா?
என் விரல்களை எண்ணினேன். ஆறு.
அப்படியென்றால் இது அதுதான்.

பறந்திருக்கலாம்.
ஆற்றை நிரப்பிப் பார்த்திருக்கலாம்.
சுவரோரம் நகர்ந்து
"வா, படு" என்றேன்.
நாலு வருடமாக ஒரே கட்டில்,
ஒரு நாளும் சேர்ந்து படுத்ததில்லை.
தலைமாட்டில் நான், கால்மாட்டில் அவள்.
அவளுடைய குளிர்ந்த பாதம் என் தோளில்.
பகலில் என்ன கனவு வரும் உனக்கு என்று கேட்டேன்.
வாயைத் திறந்தாள்,
பால்காரன் மணியடித்தான்.

ஏழரைக்கு நிஜமாகவே வந்தவள்
"கட்டில ஏண்டி திருப்புன?" என்று மட்டும் கேட்டுத்
தலையணையை எதிர்முனைக்கு எடுத்துப் போட்டுப்
படுத்துவிட்டாள்.
ஒரு ராத்திரியை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது.
ஒச்சப்பனின் கணக்குப்படி பார்த்தால்
என் வடக்கு தப்பு.

ஐப்பசியில் அணை திறந்தார்கள்.
பஸ் பாலத்தில் நின்றுவிட்டது,
எல்லோரும் எட்டிப் பார்த்துப் படமெடுத்தார்கள்.
கீழே செம்மண் நிறத்தில், இரு கரையும் தொட்டு.
நான் விரல்களை எண்ணினேன். ஐந்து.
பக்கத்துச் சீட்டுக்காரி பார்த்தது தெரிந்தும்
இன்னொரு முறை எண்ணினேன்.